பழைய நினைவு: எப்போது இதம், எப்போது ரணம்?

ஆய்வகத்தில் ஒருவருக்கு நாஸ்டால்ஜியாவை, அதாவது பழையதை நினைத்து எழும் ஏக்கத்தை, வரவழைக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தாளும் பேனாவும் போதும். பங்கேற்பவர்களை இரண்டு குழுக்களாகப் பிரிப்பார்கள். நினைத்தாலே மனம் ஏங்கும் பழைய நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி முதல் குழுவிடம் சொல்வார்கள். அதைக் குறிக்கும் நான்கு சொற்களை முதலில் எழுத வேண்டும். பிறகு சில நிமிடங்கள் அந்த நிகழ்ச்சியிலேயே மனத்தை வைத்திருந்து, என்ன தோன்றுகிறது என்று எழுத வேண்டும். இரண்டாவது குழுவுக்கும் இதே வேலைதான், ஆனால் நிகழ்ச்சி மட்டும் சாதாரணமானது. கடைசியில் இரு குழுவும் ஒரே வினாத்தாளை நிரப்பும்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டிம் வைல்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகீடிஸ் குழுவினர் இந்தத் துறையைத் தொடங்கிவைத்த ஆய்வை 2006இல் வெளியிட்டார்கள். அதிலும் அதன்பின் வந்த பல சோதனைகளிலும், ஏக்க நினைவை எழுதியவர்களிடம் தன்மதிப்பு கூடியது. தமக்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வும் கூடியது. வினாத்தாள் எழுதி முடித்த கையோடு நிரப்பப்படுவது என்பதையும் மறந்துவிடக்கூடாது. அடுத்த வாரம் அந்த இதம் மிச்சமிருக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

இதம் எங்கிருந்து வருகிறது என்று பங்கேற்றவர்கள் எழுதிய தாள்களே காட்டிக்கொடுக்கின்றன. பெரும்பாலான நினைவுகளின் நடுவில் எழுதியவர்தான் இருக்கிறார், ஆனால் தனியாக இல்லை. சுற்றிலும் வீட்டாரோ நண்பர்களோ இருக்கிறார்கள். துக்கமும் உண்டு. ஆனால் பெரும்பாலும் துக்கத்தில் தொடங்கி நல்லதில் முடிகிறது: பாட்டி போய்ச் சேர்ந்தது முதலில் வரும், அவர் உருட்டித் தந்த சோறு பிறகு வரும். இந்த வரிசை முக்கியம்.

இன்னொரு விஷயம், ஏக்கம் பெரும்பாலும் மனம் நன்றாக இருக்கும்போது எழுவதில்லை. மனச்சோர்வும் தனிமையும்தான் அதை அதிகம் கிளப்புகின்றன. உடம்பு சூடானதும் வியர்ப்பது மாதிரி இது ஒரு சமன்செய்யும் ஏற்பாடு. சீனாவில் சின்யூவே சோவ் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. தனிமை, ஆதரவுக்கு யாருமில்லை என்ற உணர்வைக் கூட்டியது. அதே தனிமை ஏக்கத்தையும் கிளப்பியது, அந்த ஏக்கம் இழந்த ஆதரவுணர்வில் ஒரு பங்கை மீட்டுத் தந்தது. 2012இல் அவர்கள் 20, 24, 28 டிகிரி செல்சியஸ் அறைகளில் ஆட்களை உட்காரவைத்துப் பார்த்தார்கள். 20 டிகிரி அறையில் இருந்தவர்களுக்கே ஏக்கம் அதிகம். குளிர்ந்த அறையில் ஏக்க நினைவில் மூழ்கியவர்கள், அறையின் வெப்பநிலையைச் சாதாரண நினைவில் இருந்தவர்களைவிடக் கூடுதலாகவும் மதிப்பிட்டார்கள்.

வாசனை இதில் தனி ரகம். பார்வையும் ஒலியும் மூளைக்குள் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் அதன் மேலடுக்கான பெருமூளைப் புறணிக்குப் போகின்றன. மோப்பச் செய்தியோ அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பக்கம் நேரே போய்விடுகிறது. அதனால்தான் என்ன வாசனை என்று புரிவதற்கு முன்பே தொண்டை அடைக்கிறது.

இவ்வளவு நல்லது செய்யும் ஏக்கம், அன்றாட வாழ்வில் அளந்தபோது வேறு முகம் காட்டியது. டேவிட் நியூமன் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடம் எழும் ஏக்கத்தில் இனிப்பைவிடக் கசப்பே தூக்கலாக இருந்தது. இரண்டு முடிவுகளும் சரிதான். 'ஒரு நினைவைத் தேர்ந்தெடுங்கள்' என்றால் மனம் பார்த்துப் பார்த்து நல்லதை எடுக்கிறது. தானாக வந்து விழும் நினைவுக்கு அந்தச் சலுகை இல்லை.

யாருக்கு வருகிறது என்பதும் கணக்கில் உண்டு. எதற்கெடுத்தாலும் கவலைப்படும் பழக்கமுள்ளவர்களை பாஸ் ஃபெர்பிளாங்கன் 2012இல் ஆராய்ந்தார். ஏக்க நினைவு அவர்களையும் முதலில் மகிழ்விக்கத்தான் செய்தது. ஆனால் சற்று நேரத்தில் பதற்றமும் சோர்வும் கூடிவிட்டன. கவலையில்லாத அன்றைய தன்னை இன்றைய தன்னோடு ஒப்பிட்டதே காரணம் என்பது அவர் விளக்கம். 2011இல் ஆர்த்தி ஐயரும் யோலாண்டா யெட்டனும் புதிதாகப் பல்கலைக்கழகம் சேர்ந்த மாணவர்களைக் கவனித்தார்கள். பழைய வட்டத்தோடு தொடர்பு அறாதவர்களுக்கு ஏக்கம் உதவியது, அறுந்தவர்களுக்குக் கெடுதல் செய்தது. 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மருத்துவ மாணவர் யோஹான்னஸ் ஹோஃபர் நாஸ்டால்ஜியாவைத் தூக்கமும் பசியும் கெடுக்கும் நோயாகவே எழுதிவைத்ததில் வியப்பில்லை. அவர் பார்த்தது ஊரைப் பிரிந்து வாடியவர்களை.

ஆக, ராத்திரி பதினொரு மணிக்குக் கைப்பேசியில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போவது மோசமான வழி. எதிலும் மனம் நிற்காது, ஒப்பீடு மட்டும் ஓடும். ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுங்கள், 'பள்ளிக்காலம்' என்று பொதுவாக வேண்டாம். அதில் இன்றும் தொடர்புகொள்ளக்கூடிய ஒருவராவது இருக்கட்டும். ஐந்து நிமிடம் எழுதுங்கள், கசப்பான பகுதியை முதலிலேயே முடித்துவிடுங்கள். 'அப்போது அப்படி, இப்போது இப்படி' என்ற வாக்கியம் வந்தால் பேனாவை வைத்துவிட்டு, அந்த ஆளுக்கு ஃபோன் போடுங்கள். கவலை சுபாவம் உள்ளவர்கள் எழுதும் படியைத் தாண்டி நேரே ஃபோனுக்குப் போவது நல்லது.

பெரியவர்களிடம் பேசும்போதும் இதே கணக்கு. 'அந்தக் காலம் எப்படி இருந்தது தாத்தா?' என்றால் இந்தக் காலத்தைப் பற்றிய புகார்தான் வரும். 'உங்கள் கல்யாணத்துக்கு யார் சமைத்தார்கள்?' என்று கேட்டால் சமையல்காரர், பந்தியில் தகராறு செய்த மாமா, மிஞ்சிப்போன பாயசம் என்று ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள்.