நாற்பது டிக்கல் குட்டி

எங்கள் நாய்க்குட்டி மிளகு வீட்டுக்கு வந்த அன்றே பருப்புக் கடைத் தராசில் ஏறிவிட்டது. ஒரு தட்டில் பழைய துண்டை விரித்து அதைப் படுக்க வைத்தோம். துண்டின் எடைக்கு ஈடாகக் கடைப் பையன் அடுத்த தட்டில் ஒரு கைப்பிடி உளுந்தைப் போட்டான், பிறகு படிக்கற்களை ஒவ்வொன்றாக வைத்தான். குட்டி நடுங்க நடுங்கத் தராசு முள்ளும் சேர்ந்து நடுங்கியது. கடைசியில் 40 டிக்கலில் நின்றது.

"டீகப் பாமாம் அக்கா. ரெண்டு மாசம் ஆச்சாம். எவ்வளவு வளந்தாலும் ஒரு வீசையைத் தாண்டாதாம்," என்றாள் தங்கை. விற்றவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். பாம் என்றால் பாமரேனியன்.

ரங்கூனில் (1989இல் யாங்கூன் ஆகிவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான்) கறியும் மீனும் காய்கறியும் வீசைக் கணக்கில்தான் வாங்குகிறோம். 100 டிக்கல் ஒரு வீசை. கிலோவில் சொன்னால் 1.63. பர்மியர் பெய்த்தா என்று சொல்வதை ஆங்கிலேயர் விஸ் என்று எழுதினார்கள். அந்த விஸ் நம்முடைய வீசையிலிருந்து போன சொல். சென்னைப் பக்கத்து வீசைக்கு 40 பலம், அதாவது 1.4 கிலோ. கடல் தாண்டி இங்கே வந்ததில் கொஞ்சம் கனத்துவிட்டது. ஒரு டிக்கல் 16 கிராமும் சொச்சமும். ஆக, மிளகு அன்றைக்குச் சுமார் 650 கிராம்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் எடையைக் கேட்கவே இல்லை, முதலில் வாயைத் திறந்து பார்த்தார். முன்பற்கள் இருந்தன. கோரைப்பற்கள் ஊசி மாதிரி இருந்தன. பின்னால் உள்ள கடைவாய்ப் பற்கள் அப்போதுதான் ஈறைக் கீறிக்கொண்டிருந்தன. "இதுக்கா ரெண்டு மாசம்? அஞ்சு வாரம் இருந்தா அதிகம்," என்றார்.

நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் மொத்தம் 28. மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி, எட்டாவது வாரத்துக்குள் எல்லாம் வந்துவிடும். இனம் எதுவானாலும் இந்த வரிசையும் காலமும் அதிகம் மாறுவதில்லை. அதனால் விற்பவர் வாய்ச் சொல்லைவிடக் குட்டியின் வாய் நம்பகமானது. ஐந்து வாரக் குட்டியை எட்டு வாரம் என்று சொன்னால் இரண்டு லாபம். தாய் நாய்க்கும் குட்டிக்கும் போடும் தீனி மிச்சம், அப்புறம் வயதுக்கு மீறிச் சின்னதாகத் தெரியும் குட்டியை 'டீகப்' என்று கூடுதல் விலைக்கு விற்கலாம். டீகப் என்று ஓர் இனம் எந்த நாய்ச் சங்கத்தின் பட்டியலிலும் கிடையாது. பாமரேனியனுக்கு அமெரிக்க கென்னல் கிளப் சொல்லும் எடை 1.4 கிலோவிலிருந்து 3.2 கிலோ வரை. வீசையில் சொன்னால், ஒன்றுக்குச் சற்றுக் கீழேயிருந்து இரண்டு வரை.

அந்த மூன்று வார வித்தியாசத்தில் அப்படி என்ன வந்துவிடப் போகிறது? நிறைய வரும். சின்ன இன நாய்க்குட்டி ஐந்து வாரத்தில் தன் முழு எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். எட்டு வாரத்தில் அது முப்பது சதவீதத்தை நெருங்கிவிடும். 40 டிக்கல் குட்டிக்கு எட்டு வாரம் என்றால் வளர்ந்தபின் ஒன்றேகால், ஒன்றரை வீசை வரும். ஐந்து வாரம் என்றால் இரண்டு வீசை. தராசு இரண்டு கணக்கிலும் ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது. வயது தெரியாத எடையை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பலர் போடும் ஒரு கணக்கு உண்டு. இன்றைய எடையை வார வயதால் வகுத்து, வருஷத்துக்கு 52 வாரம் என்று பெருக்குவது. மிளகு 12 வாரத்தில் 80 டிக்கல் இருந்தது. 80ஐ 12ஆல் வகுத்து 52ஆல் பெருக்கினால் ஏறக்குறைய மூன்றரை வீசை வரும். பாமரேனியனுக்கு அது அபத்தமான எடை. நாய் ஒவ்வொரு வாரமும் ஒரே அளவு ஏறிக்கொண்டே போகும் என்று அந்தக் கணக்கு நினைக்கிறது, பிழை அங்கேதான். பெரிய இனங்களுக்கு அது ஓரளவு கிட்டத்தில் வரலாம், குட்டி இனங்களுக்குச் சுத்தமாக ஒத்துவராது.

செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய ஊரில் இருந்துகொண்டு இதை வட்டிக் கணக்கில் சொல்லாமல் எப்படி? குட்டியின் உடம்பை முதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தின்னும் தீனி வட்டியாக மாறி முதலோடு சேர்கிறது, கூட்டு வட்டி. ஆனால் வட்டி விகிதம் நிலையாக இல்லை, ஒவ்வொரு வாரமும் அதே பங்கு குறைந்துகொண்டே வருகிறது. ஆரம்பத்தில் முதல் சிறியது, விகிதம் பெரியது. நடுவில் இரண்டும் சேர்ந்து வாரத்துக்கு அதிக டிக்கல் தரும். கடைசியில் முதல் பெரியது, விகிதம் பூஜ்யத்தைத் தொட்டுவிடுகிறது. 1825இல் லண்டனில் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்பவர் மனிதர்களின் இறப்பு விகிதத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் எழுதினார், ஆயுள் காப்பீட்டுக் கணக்குக்காக. சாவைக் கணக்கிடப் பிறந்த அந்தச் சூத்திரம், இப்படி விகிதம் குறைந்துகொண்டே நாய்க்குட்டி வளர்வதைக் கணக்கிட நன்றாகப் பொருந்திவிட்டது.

மிளகின் ஏட்டைப் பாருங்கள். ஐந்து வாரத்தில் 40 டிக்கல். அது இரட்டிப்பாகி 80 ஆக ஏழு வாரம் பிடித்தது. 16 வாரத்தில் 105. ஆறு மாதத்தில் 155. அதாவது 80 இரட்டிப்பாகப் பதினைந்து வாரத்துக்கு மேல். அதற்குப் பிறகு அது இரட்டிக்கவே இல்லை. பத்து மாதத்தில் 195, அதோடு முள் அசையவில்லை.

சின்ன நாயைப் பற்றிப் பொதுவாக நினைப்பது, அது மெதுவாக வளர்கிறது, அதனால் சின்னதாக இருக்கிறது என்று. உண்மை வேறு. அது சீக்கிரம் முடித்துக்கொள்கிறது. நான்கு மாத வாக்கில் பாதி எடையைத் தாண்டிவிடும், எட்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வேலை முடிந்தது. கிரேட் டேன் மாதிரிப் பெரிய இனங்களுக்கு ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். பெரியவர்கள் சொல்லும் 'நாலு மாத எடையை இரண்டால் பெருக்கு' என்பது சின்ன இனங்களுக்கு ஓரளவு சரியாக வருவதும் இதனால்தான். மிளகுக்கு 105ஐ இரட்டித்தால் 210. உண்மையில் வந்தது 195. பரவாயில்லை.

முடித்துக்கொள்வது எங்கே நடக்கிறது என்றால், எலும்பின் நுனியில். கால் எலும்புகளின் இரு முனைகளுக்கும் அருகில் குருத்தெலும்பால் ஆன மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. அதிலுள்ள செல்கள் அடுக்கடுக்காகப் பெருகி, பருத்து, பிறகு சுண்ணாம்பேறி எலும்பாகின்றன. எலும்பு நீள்வது இப்படித்தான். தட்டு முழுவதும் எலும்பாக மாறிவிட்டால் அதற்கப்புறம் என்ன போட்டாலும் நீளாது. சின்ன இனங்களில் அந்தத் தட்டுகள் சீக்கிரமே மூடிவிடுகின்றன.

அந்தச் செல்களைப் பெருகச் சொல்லும் ஹார்மோன்களில் ஒன்று ஐஜிஎஃப்-1. 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நாய்களின் 15ஆவது குரோமோசோமில் உள்ள, இந்த ஹார்மோனுக்கான மரபணுவின் ஒரு வடிவம் குட்டி இனங்களில் எல்லாம் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டியது. உலகத்து நாய் இனங்களில் காணும் உடல் அளவு வித்தியாசத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் இந்த ஒரு மரபணுவின் கணக்கில் சேரும். மனிதர்களின் உயரத்தில் எந்த ஒரு மரபணுவுக்கும் இவ்வளவு பங்கு கிடையாது. மனிதன்தான் நாயைக் குட்டியாக்கினான், அந்த வடிவமும் மனிதன் வளர்த்தபோது புதிதாக வந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2022இல் அந்த நினைப்பு கவிழ்ந்தது. சைபீரியாவில் கிடைத்த 54,000 ஆண்டுப் பழைய ஓநாயின் டிஎன்ஏவில் அதே 'சின்ன' வடிவம் இருந்தது. நாய் என்ற பிராணி வருவதற்கு முன்பே இருந்த சரக்கு அது. மனிதன் அதைக் கண்டெடுத்துப் பெருக்கினான், அவ்வளவுதான். மடியில் தூங்கும் மிளகுக்குள் ஒரு பனிக்கால ஓநாயின் துண்டு இருப்பதைப் பாட்டியிடம் சொன்னேன். "அதான் செருப்பைக் கடிக்குது," என்றார்.

சின்ன உடம்பில் இன்னொரு சிக்கல் உண்டு. மிளகு வந்த மூன்றாம் நாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. தூக்கி நிறுத்தினால் கால்கள் குடை சாய்ந்தன, கண் எங்கேயோ பார்த்தது. மருத்துவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் விரலில் தேனைத் தொட்டு ஈறில் தடவினேன். சில நிமிஷத்தில் தலையைத் தூக்கியது. அப்புறம் டாக்சி பிடித்து ஓடினோம். இரத்தத்தில் சர்க்கரை விழுந்துவிட்டது. இரவு எட்டு மணிக்குக் கொடுத்த தீனி, காலை ஏழு வரை தாங்கவில்லை.

காரணம் வடிவியல்தான். உடம்பு சிறுத்தால் கனம் வேகமாகக் குறையும், தோல் பரப்பு அவ்வளவு வேகமாகக் குறையாது. ஒரு கிலோவுக்கு எவ்வளவு தோல் என்று பார்த்தால் சின்ன நாய்க்குத்தான் அதிகம், அந்த வழியாகச் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கும். வெறுமனே படுத்துக்கிடக்க 30 கிலோ நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கலோரி போதும். 2 கிலோ நாய்க்கு அதே படுக்கைக்கு ஏறத்தாழ 60. குட்டியாக இருந்து வளரவும் வேண்டும் என்றால் அதையும் மும்மடங்காக்க வேண்டும். அடுப்பு இவ்வளவு எரிய, விறகு வைக்கும் இடமோ ஒரு சின்னக் கல்லீரல். உடம்போடு ஒப்பிட்டால் மூளையும் பெரிது, அதற்குச் சர்க்கரை இல்லாமல் நடக்காது. அதனால் இந்த அளவுக் குட்டிகளுக்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி போட வேண்டும், ராத்திரி படுக்கும் முன்பும் ஒருமுறை. ஐந்து வாரத்தில் தாயிடமிருந்து பிரித்ததற்கு எங்கள் குட்டி கொடுத்த விலை இது.

பாட்டி பசும்பால் ஊற்றச் சொன்னார். தாய் நாயின் பாலில் பசும்பாலைப்போல இரண்டு மடங்கு புரதமும் அதற்கும் மேல் கொழுப்பும் இருக்கும், பால் சர்க்கரை குறைவு. பசும்பால் குடித்த குட்டிக்கு வயிறு நிறைந்தது, அன்று சாயங்காலமே வயிற்றுப்போக்கும் வந்தது. பிறகு குட்டிகளுக்கான தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தோம்.

எடை போடும் பழக்கம் அப்போது தொடங்கியதுதான். மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் விதி ஒன்று: முதல் சில மாதங்களில், வளர்ந்தபின் வரவேண்டிய எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் ஏற வேண்டும். மிளகுக்கு அது நாளுக்கு ஆறரை முதல் 13 கிராம், சில நாள் அதற்கும் மேலே போனது. அதாவது கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு டிக்கல்! கிலோத் தராசில் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. குளியலறை எடை மெஷினில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பதெல்லாம் பெரிய நாய்க்குச் சரி. குட்டிக்கு வேண்டியது சமையலறைத் தராசு, இல்லாவிட்டால் எங்கள் கடைத் தராசு. குழந்தைகளுக்கு இருப்பதுபோல நாய்க்குட்டிகளுக்கும் வளர்ச்சி வரைபடம் 2017இல் வெளியானது. முழு எடை ஆறரை கிலோவுக்குக் கீழ் வரும் இனங்களுக்குத் தனித் தாள், 12 வாரத்திலிருந்து. குட்டி எந்தக் கோட்டில் போகிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை. எடுத்த கோட்டை விட்டு இரண்டு கோடு மேலேயோ கீழேயோ தாண்டினால்தான் கவனிக்க வேண்டும்.

பாதம் பெரிதாக இருந்தால் நாய் பெரிதாகும் என்பது குட்டி இனங்களில் பலிப்பதில்லை. பிறந்த எடையும் அப்படித்தான். தாய் வயிற்றில் எத்தனை குட்டிகள் இடம் பிடித்திருந்தன என்பதைத்தான் அது அதிகம் சொல்லும். தாய், தகப்பன் இரண்டின் எடையையும் கேட்பது நல்லது. எங்களுக்கு விற்றவர் தகப்பன் படத்தைப் போனில் காட்டினார், பக்கத்தில் அளவு காட்ட எதுவும் இல்லாமல்.

ஆறு மாதத்துக்குப் பிறகு தராசு முள் ஏறினால் அது எலும்பா கொழுப்பா என்று பார்க்க வேண்டும். இங்கே தராசு உதவாது, கை உதவும். விலாவில் விரலை ஓட்டினால், விரித்த புறங்கையைத் தடவுவதுபோல எலும்பு இலேசாகத் தட்டுப்பட வேண்டும். பாமரேனியனுக்கு அடர்த்தியான முடி இருப்பதால் கண்ணால் பார்த்து ஒன்றும் தெரியாது, நனைந்தால்தான் நாயே தெரியும்.

ஐந்தாம் மாதத்தில் பற்கள் விழத் தொடங்கின. நிரந்தரப் பற்கள் 42. ஒரு கோரைப்பல் மட்டும் விழாமல், புதுப் பல்லுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே நின்றது. சின்ன இனங்களில் இது சகஜம், தாடையில் இடம் போதாது. மருத்துவர் பிடுங்கினார்.

போன மழைக்காலத்தில் மிளகுக்கு ஒரு வயது. மறுபடியும் கடைத் தராசில் வைத்தோம். இந்த முறை அது தட்டில் உட்கார மறுத்து எதிர்த் தட்டிலிருந்த உளுந்தை மோந்து பார்த்தது. பையன் இரண்டு வீசைக் கல்லை வைத்தான், நாய்த் தட்டு ஒரு நூல் மேலே நின்றது. தங்கை ஐந்து டிக்கல் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, "கழிச்சிக்க," என்றாள்.