தொழில்நுட்பத்தைப் பாடத்தில் இழைப்பது

‘தொழில்நுட்ப ஒருங்கிணைப்பு’ என்ற சொல்லை இந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டேன், இனி எழுதாமல் இருக்க முடியாது. தக்கலையில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் இப்படி இருந்தது: ‘வகுப்பறையில் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பு: ஆசிரியர்கள் மற்றும் பள்ளித் தலைவர்களுக்கு ஆதரவளித்தல்’. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பேனரைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: “சார், அப்போ நம்ம ஸ்கூலுக்கு யாரு ஒருங்கிணைப்பாளர்? என்னையப் போட்டுருவாவளோ?”

அவர் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருங்கிணைப்பாளர் என்றால் பட்டியல் சேகரிப்பவர், தகவல் அனுப்புபவர், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர். அந்தச் சொல்லின் சாயல்தான் அவருக்கு முதலில் வந்தது. அடுத்த வாரம் அதேபோல அவரைத் ‘தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர்’ ஆக்கியும் விட்டார்கள். ஹைடெக் லேப் சாவி, புரொஜெக்டர் வயர், மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு எல்லாம் அவர் தலையில் விழுந்தது. மற்ற ஆசிரியர்கள் பாடம் எடுக்கும் விதத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அதான் ஒருங்கிணைக்க ஒருவர் இருக்கிறாரே. ஒரு சொல்லின் பிழை ஒரு பள்ளியின் வேலைப் பங்கீட்டையே இப்படித் திருப்பிவிடும் என்றால் அதைச் சின்ன விசயம் என்று நான் விடமாட்டேன்.

சரி, மூலச்சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இன்டெக்ரேஷன் என்கிறார்கள். இது லத்தீனின் ‘இன்டெகர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. தொடப்படாதது, குறைபடாதது, முழுமையானது என்று பொருள். கணக்கு ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல, அதே சொல்லைத்தான் நாம் முழு எண் என்கிறோம், இன்டெக்ரேஷனைத் தொகையிடல் என்கிறோம். ஆக அடிப்பொருள் முழுமை. பல பகுதிகள் சேர்ந்தபின் இது வேறு அது வேறு என்று பிரித்துக் காட்ட முடியாத நிலை.

ஒருங்கிணைப்பில் இந்தப் பொருள் இருக்கிறதா? ஒருங்கு என்றால் சேர, ஒருசேர. குறள் 760-இல் ‘ஏனை இரண்டும் ஒருங்கு’ என்று வருவது இந்தப் பொருளில்தான், பொருளைச் சேர்த்தவனுக்கு அறமும் இன்பமும் ஒருசேரக் கிடைக்கும் என்கிறது. இணை என்றால் சோடி. இணைத்த பிறகும் இரண்டும் இரண்டாகவே இருக்கும். நாகர்கோவில் சந்திப்பில் இன்னொரு பெட்டியை இணைத்தால் ரயில் நீளும், பெட்டி பெட்டியாகத்தான் இருக்கும், தேவைப்பட்டால் கழற்றியும் விடலாம். நல்ல சொல்தான், அதற்குரிய இடத்தில். மூன்று கல்வித் திட்டங்களைச் சேர்த்து 2018-இல் வந்த திட்டத்துக்கு ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’ என்று பெயர் வைத்தது பொருத்தம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் சத்துணவும் தடுப்பூசியும் முன்பருவக் கல்வியும் ஒரு கூரைக்கு அடியில் வந்தன, அதுவும் பொருத்தம். ஆனால் ஒன்றாகச் சேர்ப்பதற்கும், பலரை வைத்து வேலையை ஒழுங்குபடுத்துவதற்கும், ஒன்றுக்குள் ஒன்று கரைவதற்கும் ஒரே சொல்லைப் போட்டு எழுதிக்கொண்டே போனால் படிப்பவர் எதைத்தான் எடுத்துக்கொள்வார்?

இதை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, அன்று சென்னை மாநிலம் என்றிருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதை நாங்கள் இணைப்பு என்கிறோம், அந்தப் போராட்டத்தையும் இணைப்புப் போராட்டம் என்கிறோம். சரியான சொல். எல்லை மாறியது, தேதி உண்டு, கோப்பு உண்டு. ஆனால் எங்கள் பேச்சில் நினைவைக் குறிக்கும் ‘ஓர்மை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்திலும் இருக்கிறது, எங்கள் தமிழிலும் இருக்கிறது. “ஓர்மை இருக்கா?” என்று கேட்கும் எங்கள் ஊர்ப் பாட்டியிடம் இதில் எது அந்த மொழி எது இந்த மொழி என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது. அது யாரும் இணைத்தது இல்லை. இழைந்தது. வகுப்பறையில் தொழில்நுட்பம் இருக்கவேண்டியது இந்த இரண்டாவது விதத்தில்.

மாற்றுச் சொல் தேடியவர்கள் பலர், அவர்கள் எல்லோரோடும் எனக்குச் சண்டை உண்டு. ‘தொழில்நுட்பத்தைப் புகுத்துதல்’ என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். புகுத்துவது வெளியிலிருந்து வருவது, வேண்டாம் என்பவர் வாயிலும் திணிப்பது. ஆசிரியர்கள் ஏற்கெனவே அப்படித்தான் உணர்கிறார்கள், சொல்லிலும் அதை உறுதிப்படுத்த வேண்டாம். ‘கலப்பு’ என்றால் நேரடி வகுப்பும் இணைய வகுப்பும் மாறி மாறி வருவதைச் சொல்லும் கலப்புக் கற்றலோடு குழம்பும். தூய தமிழ் அன்பர் ஒருவர் ‘உட்செறிப்பு’ என்றார். நானும் தூய தமிழ் பக்கம்தான், ஆனாலும் சொன்ன உடனே ஒரு படம் மனதில் வரவேண்டாமா? அகராதியைத் திறந்து பார்த்தால்தான் விளங்கும் என்றால் அந்தச் சொல்லும் ஆங்கிலம் மாதிரிதான் நமக்கு. ‘பதித்தல்’ கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் டைல்ஸ் பதிப்பதுபோல மேற்பரப்போடு நின்றுவிடுகிறது.

என் விடை இழைத்தல். வடசேரியில் கோவில் நகை செய்கிறார்கள் அல்லவா, கல் இழைத்த அட்டிகை என்கிறோம். கல்லை எடுத்துவிட்டால் அந்த நகைக்கு உருவமே இல்லை. இதைவிட எனக்குப் பிடித்தது சந்தனம். கட்டை ஒன்று, கல் ஒன்று, கொஞ்சம் தண்ணீர். மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் ஒன்றும் நடக்காது. கல்லில் தண்ணீர் விட்டுக் கட்டையை வைத்து இழைக்க இழைக்கத்தான் குழம்பு திரண்டு வரும். 2006-இல் கல்வி ஆய்வாளர்கள் மிஸ்ராவும் கோலரும் அமெரிக்காவில் முன்வைத்த டிபேக் என்ற கருத்தும் கிட்டத்தட்ட இதுதான். பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் தனித்தனியாக ஒரு ஆசிரியரிடம் இருந்தால் போதாது, மூன்றும் சேரும் இடத்தில் உருவாவது தனியான ஓர் அறிவு என்றார்கள். இழைத்தல் என்றால் தீங்கிழைத்தல் நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் மறுத்தார். அங்கே இழைத்தல் என்பது செய்தல். முன்னால் தீங்கு, துரோகம் என்று ஒரு சொல் இருந்தால்தான் அந்தப் பொருள் வரும். ‘பாடத்தோடு இழைத்து’ என்று எழுதிப் பாருங்கள், யாருக்கும் தீங்கு தோன்றாது.

வகுப்பில் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நான் பார்த்த இரண்டு வகுப்புகளைச் சொல்கிறேன். இரண்டும் பத்தாம் வகுப்பு, ஆயத்தொலை வடிவியல், சாய்வு. முதல் வகுப்பில் கரும்பலகையில் சூத்திரம், நான்கு கணக்கு, கடைசிப் பத்து நிமிடம் ஸ்மார்ட் போர்டில் ஒரு வீடியோ. பிள்ளைகள் பையைக் கட்டிக்கொண்டே பார்த்தார்கள். அது ஒருங்கிணைப்பு, சொல்லுக்கு ஏற்ற வகுப்பு. இரண்டாவது வகுப்பில் சூத்திரம் எழுதுமுன்னே ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, “சாய்வைக் கூட்டினா கோடு எப்படி நிக்கும், கையை வச்சுக் காட்டுங்க” என்றார் அந்த டீச்சர். நாற்பது கைகள் நாற்பது விதமாகச் சாய்ந்தன. பிறகுதான் ஸ்லைடரை நகர்த்தினார். சாய்வு பூச்சியத்துக்கு வந்தபோது கோடு படுத்துவிட்டது, குறை எண்ணுக்குப் போனதும் அந்தப் பக்கம் சாய்ந்தது, பின்பெஞ்சில் ஒரு பையன் தன் கையைத் தானே திருத்திக்கொண்டான். அந்த வகுப்பிலிருந்து கணினியை மட்டும் உருவி எடுக்க முடியாது, எடுத்தால் கேள்வியும் கூடவே போய்விடும்.

2018-இலிருந்து வந்த நம் பாடநூல்களில் கியூஆர் குறி இருக்கிறது, கணக்குப் புத்தகத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பெட்டியும் இருக்கிறது. உழைத்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் பெட்டி பாடத்தின் கடைசியில் இருப்பதால் வகுப்பிலும் கடைசியிலேயே வருகிறது, பல நேரம் வராமலும் போகிறது. அதை உரிய இடத்துக்கு முன்னே இழுத்து வைக்க ஆசிரியருக்கு யாராவது கைகொடுக்க வேண்டும். ஒரு பாடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து திட்டமிட ஓர் ஆள், அதற்கு வாரத்தில் ஒரு பீரியடை ஒதுக்கிக் கொடுக்கும் தலைமையாசிரியர். பயிற்சியில் அன்று பேசப்பட்டதும் இதுதான், நல்ல பேச்சு. பேனர்தான் அதை மறைத்தது.

அந்தப் பேனரில் மீதி இருப்பதையும் விடுவதாக இல்லை. பள்ளித் தலைவர் என்றால் நம் ஊரில் யார்? காலை வணக்கக் கூட்டத்தில் “பள்ளி, நேர் நில்” என்று சொல்லும் மாணவர் தலைவர். இல்லாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், அவர் ஒரு பெற்றோர். தலைமையாசிரியர் என்ற அருமையான சொல் இருக்கும்போது அதை ஏன் ஒளித்துவைக்க வேண்டும்? ஆதரவளிப்பது தேர்தலில் கட்சிக்கு. நடுவில் அந்த ‘மற்றும்’ வேறு. ‘உம்’ என்று ஓர் இடைச்சொல் ஈராயிரம் ஆண்டாக இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள், இப்போது அந்த வேலையையும் கணினியிடம் கொடுத்துவிட்டார்கள். முழு வரியையும் ஒருமுறை வாய்விட்டு வாசித்தாலே போதும், எங்கே இடறுகிறது என்று காது சொல்லிவிடும்.

அடுத்த பயிற்சிக்குப் பேனர் அடிப்பவர்கள் இந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ‘தொழில்நுட்பத்தைப் பாடத்தோடு இழைத்துக் கற்பிக்க ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் கைகொடுத்தல்’. அந்த டீச்சரிடம் இதைப் படித்துக் காட்டினேன். “இதுல ஒருங்கிணைப்பாளரே இல்லியே சார்” என்றார்.