ஸ்டாண்டின் காலைப் பார்த்து பேக்டிராப் வாங்குங்கள்

போன மாதம் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் பிறந்தநாள் விழா. நானும் மேஜிக் செய்பவன்தான், ஆனால் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்பதால் அன்று போனது விருந்தாளியாகத்தான். மேஜிக் ஷோவுக்கு வந்திருந்தவர் தொழிலில் இறங்கி இரண்டு வருடமான ஒரு தம்பி. கைவேலை சுத்தம். குழந்தைகளிடம் பேசும் விதமும் நன்றாகவே இருந்தது. முதுகுக்குப் பின்னால் எட்டுக்கு எட்டு அடியில் கோட்டையும் நட்சத்திரமும் அச்சடித்த புத்தம்புது ஃப்ளெக்ஸ் பேக்டிராப், அதாவது பின்திரை, இரண்டு முக்காலி ஸ்டாண்டும் ஒரு குறுக்குக் கம்பியும் தாங்கி நின்றது. மாலையில் கடற்காற்று ஏறியதும் ஃப்ளெக்ஸ் பாய்மரம் மாதிரி உப்பியது. நான் எழுந்து போவதற்குள் மொத்தமும் முன்பக்கமாகச் சாய்ந்து, முதல் வரிசைப் பிள்ளைகள் மேல் விழுந்தது. குறுக்குக் கம்பியின் முனை ஐந்து வயதுப் பெண் குழந்தையின் புருவத்தைக் கிழித்தது. நான்கு தையல். கண்ணுக்கும் காயத்துக்கும் இடையே ஒரு விரல் அகலம்கூட இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தத் தம்பி அழுதுகொண்டே சொன்னது: “அண்ணே, வெறும் துணிதானேன்னு நினைச்சேன்.”

நான் நேரில் பார்த்த அளவில் இந்த ஒரு வருடத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டிலும் யாருக்கும் அடியில்லை, அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

இந்த “வெறும் துணிதானே” என்ற பேச்சை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன். மேஜிக் செய்பவர்கள் சொல்கிறார்கள், ஈவென்ட் எடுத்து நடத்துபவர்கள் சொல்கிறார்கள், பலூன் கட்ட வருகிற பையன்களும் சொல்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுக்கு எட்டு என்றால் 64 சதுர அடி, ஏறக்குறைய 6 சதுர மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அதாவது மாடியில் காயப்போட்ட வேட்டி படபடக்கிற அளவுக்குத்தான், அந்தப் பரப்பின் மேல் விழும் தள்ளு சுமார் 13 கிலோ. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டரில் 50 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு பெரிய ஆள் தோளைக் கொடுத்துத் தள்ளுவதற்குச் சமம்.

தள்ளு எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். துணியின் நடுவில், தரையிலிருந்து நாலடி உயரத்தில். ஸ்டாண்டின் கால் முன்னால் நீண்டிருப்பது ஒன்றரை அடி. ஸ்டாண்டும் கம்பியும் ஃப்ளெக்ஸும் சேர்த்து எடை ஆறு கிலோ வந்தால் அதிகம். கவிழ்க்கப் பார்க்கிற பலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தடுக்கிற பக்கம் இல்லை. அந்த மாடியில் அது முதலிலேயே விழாமல் அரை மணி நேரம் நின்றதுதான் ஆச்சரியம்.

இத்தனைக்கும் நாம் ஃப்ளெக்ஸ் விழுந்து உயிர் போனதைப் பார்த்த ஊர்க்காரர்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் நிலைதடுமாறி விழுந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி இறந்தார். ஊரே கொதித்தது. அதே ஃப்ளெக்ஸை அதைவிட மோசமாக நிறுத்தி, அதற்கு முன்னால் இருபது குழந்தைகளைச் சம்மணம் போட்டு உட்கார வைக்கிறோம். காற்று வெளியில் மட்டும் இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். கல்யாண மண்டபங்களில் பக்கவாட்டில் வைக்கிற பெரிய பெடஸ்டல் ஃபேன், திறந்த பால்கனிக் கதவு, இடுக்கு வழியே ஓடுகிற நாலு வயது வாண்டு, எல்லாமே போதும்.

அதனால் கடையிலோ ஆன்லைனிலோ பேக்டிராப் பார்க்கும்போது படத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் கால். கால் விரிந்தால் தரையில் எவ்வளவு தூரம் நிற்கிறது, அதன் மேல் எடை வைக்க இடம் இருக்கிறதா, திருகு பிளாஸ்டிக்கா இரும்பா. விலை குறைந்த ஸ்டாண்டுகளில் முதலில் உடைவது அந்தப் பிளாஸ்டிக் திருகுதான். கண்காட்சிகளில் கடைக்கு ஒன்று நிற்குமே, கீழே பெட்டிக்குள் சுருண்டு மேலே இழுத்து மாட்டுகிற ரோல்-அப் ஸ்டாண்டி, அதை மேஜிக்குக் கொண்டுவராதீர்கள். அகலம் பெரும்பாலும் மூன்று அடிக்கு மேல் இருக்காது. மறைப்பும் கிடைக்காது, ஒரு விரலால் தள்ளினால் விழும். பின்னல் கம்பி குடை மாதிரி விரிந்து துணி இழுத்துப் பிடிக்கும் பாப்-அப் சட்டம் வீட்டுக்குள் நடத்தும் ஷோவுக்கு நல்லது. அடி அகலமாக இருக்கும், சுருக்கம் விழாது. ஆனால் அதற்கும் பின்னால் எடை கட்டியே ஆக வேண்டும். பி.வி.சி. குழாயில் தானே செய்துகொள்பவர்கள் உண்டு. நானும் பல வருடம் அதைத்தான் வைத்திருந்தேன். அடியில் மட்டும் இரும்புக் குழாய் போடுங்கள். எடை கீழே இருக்க வேண்டும்.

மண் பை வாங்கக் காசு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். பழைய ஜீன்ஸ் பேண்டின் காலை வெட்டி, ஒரு முனையை இரட்டைத் தையல் போட்டு, உள்ளே பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி, மறுமுனையையும் தைத்துவிட்டால் எட்டு முதல் பத்து கிலோவுக்கு ஒரு பை தயார். நான்கு பைகள் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பின்பக்கக் காலின் மேல் போட வேண்டும். நடுக்கம்பியோடு சேர்த்துக் கட்டினால் பாதிப் பயன்தான். தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது என்பவர்கள் வெறும் பையைக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்ளலாம். எந்தக் குடியிருப்பிலும் ஏதாவது ஒரு மூலையில் மணல் கிடக்கும். இல்லையென்றால் 20 லிட்டர் தண்ணீர் கேன் கேளுங்கள். பார்ட்டி நடக்கிற இடத்தில் அது இல்லாமல் இருக்காது. நிரம்பிய கேன் ஒன்று 20 கிலோ. பின்னால் இரண்டை வைத்து, ஸ்டாண்டின் மேல்முனையிலிருந்து கயிற்றை இறக்கி அதோடு இறுகக் கட்டுங்கள்.

அடுத்தது தூரம். இதை நான் எந்த ஷோவிலும் விட்டுக்கொடுப்பதில்லை. பேக்டிராப்பின் உயரம் எத்தனை அடியோ, அதைவிட இரண்டு அடி தள்ளித்தான் முதல் வரிசை உட்கார வேண்டும். ஏழடி உயரம் என்றால் ஒன்பதடி. அப்படியே முன்னால் விழுந்தாலும் பிள்ளைகளைத் தொடாது. தரையில் கலர் டேப் ஒட்டிக் காட்டிவிடுங்கள். ஒட்டினாலும் ஊர்ந்து ஊர்ந்து வருவார்கள், குழந்தைகள் அப்படித்தான். முயல் வரும் என்று தெரிந்தால் மடியிலேயே ஏறிவிடுவார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். “எல்லாரும் ஒரு மந்திரம் சொல்லி, பின்னாடி நகர்ந்தாத்தான் பெட்டி திறக்கும்” என்று சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே நகர்வார்கள். அந்த ஒன்பதடி கிடைக்காத சின்ன ஹாலா? பேக்டிராப்பே வேண்டாம். சுவரை ஒட்டி நின்று செய்யுங்கள். இரண்டு படுக்கையறை வீட்டின் ஹாலில் எட்டடி ஸ்டாண்டை நிமிர்த்தினால் மேலே சுற்றுகிற ஃபேன் இறக்கையில் போய் முட்டும். ஒருமுறை அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், இரண்டாவது முறை கேட்க விருப்பமில்லை. வீட்டுக்குள் என்றால் உங்கள் தலைக்கு மேல் அரை அடி இருந்தால் தாராளம். அகலம் இரு கையையும் நீட்டினால் விரல்நுனி வரை.

இனி துணி. அழகு என்று நினைத்து எல்லாரும் சறுக்குகிற இடம் இது. கார்ட்டூன் பொம்மை நிறைந்த பேக்டிராப் முன்னால் நின்று சிவப்பு ஸ்பாஞ்ச் பந்தைக் காட்டினால் எந்தக் குழந்தைக்குத் தெரியும்? பின்னால் பெரிய கண்ணோடு ஒரு கரடி சிரித்துக்கொண்டிருந்தால் அவர்கள் கரடியைத்தான் பார்ப்பார்கள், உங்கள் கையை அல்ல. ஒரே நிறம், மங்கலான பளபளப்பற்ற துணி, இவ்வளவுதான். மெரூன், கருநீலம், பாட்டில் பச்சை மூன்றில் ஒன்று. முழுக் கறுப்பு வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கும், மேடைக்கு அருமை. மூன்று நாலு வயதுக் குழந்தைகள் இருக்கிற அறையில் அது இருட்டுக் குகை மாதிரி நிற்கும், சிலர் அம்மா மடியை விட்டு வரவே மாட்டார்கள். சாட்டினும் ஃப்ளெக்ஸும் எதிரே போட்ட விளக்கை அப்படியே திருப்பி அடிக்கும், அப்பாக்கள் செல்போனில் எடுத்த படத்தில் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பந்து இருக்கும். மெல்லிய துணி வாங்கிவிட்டால் ஜன்னலுக்கு முன்னால் நிற்கவே நிற்காதீர்கள். பின்னால் நீங்கள் எதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நிழலே சொல்லிவிடும். வாங்குமுன் துணிக்குப் பின்னால் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். (கோடு போட்ட துணியும் வேண்டாம். ஏன் என்று இங்கே விளக்க மாட்டேன், தொழில் செய்பவர்களுக்குப் புரியும்.)

துணி தரையைத் தொட வேண்டும், ஆனால் தரையில் புரளக் கூடாது. தொடவில்லை என்றால் கீழே படுத்து எட்டிப் பார்ப்பார்கள். புரண்டால் உங்கள் காலே அதை மிதித்து இழுக்கும். இரண்டு ஓரத்திலும் ஒரு பெரியவரை நிறுத்துங்கள். பிறந்தநாள் குழந்தையின் மாமா, சித்தப்பா யாராவது போதும். மேஜிக்கின் ரகசியத்தைக் காப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பேக்டிராப்புக்குப் பின்னால் புகுந்த குழந்தை கம்பியைப் பிடித்துத் தொங்கும்.

நெருப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம் அடங்காது. கேக்கின் மேல் பொறி கக்குகிற மெழுகுவத்தி, பக்கத்தில் ஸ்னோ ஸ்ப்ரே, அதற்கு மேல் கேஸ் பலூன், எல்லாவற்றுக்கும் பின்னால் பாலியெஸ்டர் துணி. ஸ்னோ ஸ்ப்ரே டப்பாக்கள் பலவற்றில் உந்துவிசைக்கு அடைத்திருப்பது எரியும் வாயு, லேபிளில் நெருப்புப் படம் போட்டே இருக்கும். ஹீலியம் விலை அதிகம் என்பதால் நம் ஊர் பலூன்களில் ஹைட்ரஜன் அடைக்கிறவர்கள் நிறைய. பாலியெஸ்டர் எரியும்போது உருகிச் சொட்டும், சொட்டு விழுந்த தோலில் ஒட்டிக்கொள்ளும். ஃப்ளெக்ஸ் எரிந்தால் வரும் புகை தொண்டையை அரிக்கும். 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவின் டப்வாலியில் ஒரு பள்ளி விழாவில் செயற்கை இழைத் துணிப் பந்தல் பற்றிக்கொண்டது. இறந்தவர்கள் 400-க்கும் மேல், அவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். நம் தொழிலிலேயே, 1911-இல் எடின்பரோ அரங்கில் ஒரு விளக்கிலிருந்து மேடைத் துணிக்குத் தீ பரவியது. கிரேட் லஃபாயெட் என்ற பெரிய மேஜிக் கலைஞரும் அவருடன் மேடையில் இருந்த பலரும் இறந்தார்கள். பாதுகாப்புத் திரையை இறக்கியதால் பார்வையாளர்கள் தப்பினார்கள். நம் பார்ட்டி ஹாலில் அப்படி ஒரு திரை கிடையாது.

வாங்கிய துணியின் ஓரத்தில் ஒரு சாண் துண்டை வெட்டி, வெட்டவெளியில், இடுக்கியில் பிடித்து, கீழே வாளி நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு லைட்டரைக் காட்டிப் பாருங்கள். லைட்டரை எடுத்ததும் தானே அணைந்தால் சரி. எரிந்துகொண்டே போனால் அந்தத் துணியைக் குழந்தைகள் பக்கம் கொண்டுவராதீர்கள். தீ பரவாதபடி மருந்து தோய்த்த துணிகள் கிடைக்கின்றன. பலவற்றில் துவைக்கத் துவைக்க அந்த மருந்து போய்விடும், அதனால் துவைத்த பிறகு மறுபடி சோதியுங்கள். அந்தத் துணியே ஆனாலும், ஃப்ளாஷ் பேப்பரை, அதாவது நொடியில் பளிச்சென்று எரிந்து மறையும் மேஜிக் காகிதத்தை, அதற்கு ஆறடிக்குள் பற்றவைக்க வேண்டாம். குழந்தைகள் ஷோவில் ஃப்ளாஷ் பேப்பரே வேண்டாம் என்பது என் கருத்து, இதில் என்னோடு சண்டை போடுகிற நண்பர்கள் உண்டு.

பேக்டிராப்பை வாசலை மறைத்து வைக்காதீர்கள், ஸ்விட்ச் போர்டை மறைத்தும் வைக்காதீர்கள். போட்டோவுக்கு அந்த மூலைதான் அழகு என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். முடியாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

மொட்டை மாடி ஷோவுக்கு நான் இப்போது பேக்டிராப் கொண்டுபோவதில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த ஊர் இது. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்ன செய்யும் என்று அங்கே காற்றாலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃப்ளெக்ஸில் அங்கங்கே பிளேடால் கீறிவிட்டால் காற்று போய்விடும் என்கிறார்கள். நாலு கீறலில் 13 கிலோ 12 கிலோ ஆகலாம், அவ்வளவுதான். மாடியில் கூப்பிட்டால் படிக்கட்டு அறையின் சுவரை முதுகுக்கு வைத்துக்கொள்கிறேன், அல்லது கீழே பார்க்கிங்கில் ஒரு தூணுக்கு முன்னால் இடம் கேட்கிறேன்.

பெற்றோர்களே, உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். ஷோ புக் பண்ணும்போது “என்ன தீம் பேக்டிராப்?” என்று கேட்கிறீர்களே, கூடவே “அதை எதில் கட்டுவீங்க?” என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் பேக்டிராப் இல்லாமலே செய்யச் சொல்லுங்கள். புறா வருவதையும் வெட்டிய கயிறு ஒட்டிக்கொள்வதையும் பார்க்க வந்த பிள்ளைக்கு, மேஜிக் செய்தவரின் பின்னால் என்ன படம் இருந்தது என்பது ஞாபகம் இருக்காது.

அந்தப் பெண் குழந்தைக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. தம்பி இரண்டு முறை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஃப்ளெக்ஸை விட்டுவிட்டு மெரூன் துணிக்கு மாறிவிட்டார், நானும் அவரும் உட்கார்ந்து ஆறு ஜீன்ஸ் பை தைத்தோம். நான்கை அவர் எடுத்துக்கொண்டார். மீதி இரண்டு என்னிடம் இருக்கின்றன. இந்த வாரக் கடைசியில் ஷோ வைத்திருக்கிற யாருக்காவது வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை இரவுக்குள் சொல்லுங்கள், மணல் நிரப்பியே கொடுத்தனுப்புகிறேன்.