பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் தண்ணீர்

“பம்பு இல்லாத காலத்தில் ரோமானியர்கள் பள்ளத்தாக்குகளைத் தாண்டித் தண்ணீரை எப்படிக் கொண்டுபோனார்கள்? எல்லா இடத்திலும் பாலம் கட்டினார்களா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எல்லா இடத்திலும் இல்லை. பாலத்தைவிட அழகான ஒரு வழியும் அவர்கள் கையில் இருந்தது.

முதலில் தெரிந்த கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரோம் நகரத்தின் முதல் நீர்க்கால்வாயான அப்பியா கி.மு. 312-இல் வந்தது. அதன் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில்தான் ஓடியது. பிறகு ஐந்து நூற்றாண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் பதினொரு கால்வாய்கள் ஆகிவிட்டன. எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒன்றே: வாட்டம். ஊற்று மேட்டில், ஊர் தாழ்வில், நடுவே சீரான சரிவு. பிரான்சின் நீம் நகரத்துக்குப் போன கால்வாய் சுமார் 50 கிலோமீட்டர் நீளம். அதன் சரிவு கிலோமீட்டருக்குச் சராசரியாக ஒரு சாண், அல்லது அதற்குச் சற்று அதிகம். மேலே நீர் நிரப்பிய பள்ளமும் பக்கங்களில் தூக்குக்குண்டுகளும் கொண்ட இருபதடி நீள மர மேடைதான் அவர்களுடைய மட்டக்கருவி. அதை வைத்துக்கொண்டு இவ்வளவு துல்லியம்!

அந்தக் கால்வாய் கார்டோன் ஆற்றைக் கடக்கும் இடத்தில்தான் புகழ்பெற்ற மூன்றடுக்குப் பாலம் நிற்கிறது. உயரம் சுமார் 49 மீட்டர். ரோமானியர்கள் கட்டிய நீர்ப்பாலங்களில் இதைவிட உயரமானது இல்லை. சரி, பள்ளம் நூறு மீட்டருக்கு மேல் இருந்தால்?

கட்டட வேலையில் ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். குழாய் நடுவில் எவ்வளவு தொங்கினாலும் இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். ஒரு முனையைக் கொஞ்சம் தாழ்த்தினால் அந்தப் பக்கம் வழியும். இவ்வளவுதான் விஷயம். ரோமானியர்கள் இதை மலை அளவில் செய்தார்கள். பள்ளத்தாக்கின் ஒரு கரையில் தொட்டி, எதிர்க்கரையில் சில மீட்டர் தாழ்வாக இன்னொரு தொட்டி, இடையில் சரிவோடு இறங்கி மறுபடி ஏறும் மூடிய ஈயக் குழாய்கள். இதைத் ‘தலைகீழ் சைஃபன்’ என்கிறார்கள். பெயர் கொஞ்சம் குழப்பும். இதில் உறிஞ்சும் வேலை எதுவும் இல்லை. இறங்கும் பக்கத்துத் தண்ணீரின் எடைதான் ஏறும் பக்கத்துத் தண்ணீரைத் தூக்குகிறது. அந்தச் சில மீட்டர் தாழ்வு, குழாயின் சுவரோடு உரசுவதற்குத் தண்ணீர் செலுத்தும் கட்டணம்.

பிரான்சின் லியோன் நகரத்துக்கு நீர் கொண்டுவந்த ஜியே கால்வாயில் இப்படி நான்கு இடங்கள் உண்டு. அவற்றில் போனான் என்ற இடத்தில் குழாய்கள் ஏறத்தாழ 120 மீட்டர் இறங்கி ஏறின. பத்து மீட்டர் தண்ணீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்று பள்ளியில் படித்திருப்போம். அடிப்பகுதியில் பன்னிரண்டு வளிமண்டலம்!

என்னை மயக்கும் இடம் இதுதான். ஒரே பெரிய குழாயாகப் போடாமல், ஏன் பல சிறிய குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாயைப் பிளக்க முயலும் விசை அதன் விட்டத்தோடு கூடும். உதாரணமாக 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் என்றால், இந்த அழுத்தத்தில் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 24 டன் விசை அதை இரண்டாகக் கிழிக்கப் பார்க்கும். 60 சென்டிமீட்டர் என்றால் 72 டன். ஈயத் தகட்டை வளைத்து, விளிம்புகளை ஒட்டித்தான் அன்று குழாய் செய்தார்கள். அந்த ஒட்டு எவ்வளவு தாங்கும்? ஒரு 60 சென்டிமீட்டர் குழாயின் வாய்ப்பரப்பு ஒன்பது 20 சென்டிமீட்டர் குழாய்களுக்குச் சமம். ஆகவே பிரித்துப் போட்டார்கள். உராய்வு கூடியது, அதைச் சரிக்கட்டத் தாழ்வைச் சற்றுக் கூட்டினார்கள். சூத்திரம் எழுதத் தெரியாதவர்கள் வெடித்த குழாய்களிடமிருந்து இதைக் கற்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

குழாயில் முதன்முதலாகத் தண்ணீர் விடும் நாளும் ஆபத்தானது. உள்ளே அடைபட்ட காற்று பாறையையே பிளக்கும், அதனால் மெதுவாகத் திறவுங்கள் என்று எழுதிவைத்தார் ரோமானியப் பொறியாளர் விட்ரூவியஸ். மண் குழாய் என்றால் முதல் தண்ணீரோடு சாம்பலைக் கலந்துவிடச் சொல்கிறார். நீரோடு போகும் சாம்பல் கசியும் இணைப்புகளில் தானே போய் அடைத்துக்கொள்ளும். எவ்வளவு எளிய யோசனை!

இவர்களுக்கு முன்பே, கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், பெர்கமோன் நகரத்தின் கிரேக்கர்கள் இதைவிட ஆழமான பள்ளத்தைக் குழாயால் கடந்திருக்கிறார்கள். குழாய் இன்று இல்லை. அதைத் தாங்கிய துளையிட்ட கற்கள் மிஞ்சியிருக்கின்றன.

இதையெல்லாம் பார்த்து “வேற்றுக்கிரகவாசிகள் கட்டியது” என்று சொல்பவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. அது அந்தத் தொழிலாளிகளின் உழைப்பைத் திருடுவது. இன்னொரு பக்கம், பழைய கால்வாய்ச் சுவர்களில் மர வளையம்போல அடுக்கடுக்காகப் படிந்த சுண்ணாம்பைச் சீவி ஆராய்பவர்களிடம் “இதனால் என்ன லாபம்?” என்று கேட்டு நிதியைக் குறைப்பதும் நியாயமில்லை. எந்தக் காலத்தில் கால்வாயைச் சுத்தம் செய்தார்கள், எப்போது கைவிட்டார்கள் என்பதை அந்த அடுக்குகளிலிருந்து படிக்க முடிகிறது. வேறு எந்த ஏட்டிலும் அது கிடைக்காது.

அப்புறம், இந்த முறை பழங்கதையும் அல்ல. நியூயார்க் நகரத்துக்கு நீர் தரும் கேட்ஸ்கில் நீர்வழி 1910-களில் கட்டப்பட்டது. அது ஹட்சன் ஆற்றுக்குக் கீழே 300 மீட்டருக்கும் மேல் இறங்கி, மறுகரையில் ஏறுகிறது. அங்கே ஈயக் குழாய் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தத்தைச் சுற்றியிருக்கும் கருங்கல் பாறையே தாங்கிக்கொள்கிறது.