70 கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு வடபழனி சிக்னலும்

நண்பனின் ஸ்போர்ட்ஸ் பைக்கை நான்கு நாள் இரவல் வாங்கியிருந்தேன். இரண்டாம் நாள் விடியற்காலையில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏறினேன். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய் வண்டியை நிறுத்தி டீ குடித்தபோது, இறங்கிப் போய் இன்னொரு தடவை ஏறலாமா என்றுதான் மனசு கேட்டது.

நான்காம் நாள், மே மாதப் பகல் ஒரு மணி, வடபழனி சிக்னல். மணிக்கட்டு இரண்டும் விண்ணென்று வலிக்கிறது. தொடை வேகிறது. பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்ற பெரியவர் பாட்டிலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, "என்ன தம்பி, வண்டி ரொம்பச் சூடா?" என்றார். அதே வண்டிதான், ஓட்டியவனும் அதே ஆள்தான்.

மலையில் எதெல்லாம் பிடித்தது, சிக்னலில் எதெல்லாம் படுத்தியது என்று அன்று இரவு எழுதிப் பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப அதே பாகங்களே வந்தன.

வளைவிலிருந்து தொடங்குகிறேன், ருசி அங்கேதான் இருக்கிறது. பஸ் வளைவில் திரும்பும்போது நம் உடம்பு வெளிப்பக்கமாகச் சரியும், பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார். பைக்கில் அந்தச் சரிவே கிடையாது. கீழே இழுக்கும் புவியீர்ப்பும், வளைவில் உடம்பு உணரும் வெளிநோக்கிய தள்ளலும் சேர்ந்து ஒரே விசையாகிவிடுகின்றன. வண்டி சாய்வது அந்தக் கூட்டு விசை நேராக டயர் தரையைத் தொடும் இடத்துக்குப் போகும் அளவுக்கு. அதனால் எவ்வளவு சாய்ந்தாலும் விசை நம் தலையிலிருந்து சீட் வழியாகவே இறங்குகிறது, பக்கவாட்டில் யாரும் நம்மைப் பிடித்துத் தள்ளுவதில்லை. ஊஞ்சலில் ஆடும்போதும் இதேதான் நடக்கிறது. பலகை எந்தக் கோணத்துக்குப் போனாலும் நாம் வழுக்கி விழுவதில்லை, பலகையோடு ஒட்டியே உட்கார்ந்திருக்கிறோம்.

உட்செவியில், ஓர் உணர்வுப் படலத்தின் மேல், பொடிப்பொடியான சுண்ணப் படிகங்கள் இருக்கின்றன. எது கீழ்ப்பக்கம் என்று மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. வளைவில் அவை "நீ நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறாய், கொஞ்சம் கனமாகிவிட்டாய்" என்கின்றன. கண்ணோ உலகமே சரிந்து நிற்கிறது என்கிறது. இந்த முரண்பாடு பயமுறுத்த வேண்டியது. ஆனால் பிடி நம் கையில் இருக்கும்வரை அது ஆனந்தமாக இருக்கிறது. திருவிழா ராட்டினத்துக்குக் காசு கொடுத்து வாங்குவதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கின்றன. சிசியும் எடையும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 80 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் சுமார் 45 டிகிரி. மலையில் ஒரு கொண்டை ஊசிக்கு 12 மீட்டர் ஆரம் என்று வைத்துக்கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்திலேயே 30 டிகிரி சாய வேண்டும். மெதுவாகத்தான் போகிறோம், ஆனாலும் சாகசமாகத் தோன்றுகிறதே என்றால் காரணம் இதுதான். 45 டிகிரியில் 70 கிலோ ஆள் ஏறக்குறைய 99 கிலோவாக உணர்வார். மோட்டோஜிபி பந்தயக்காரர்கள் 60 டிகிரியைத் தாண்டிச் சாய்கிறார்கள். அங்கே உடம்பு இரண்டு மடங்கு கனக்கும்.

சரி, வண்டியை எப்படிச் சாய்ப்பது? இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். அதாவது ஹேண்டில்பாரை ஒரு நொடி வலப்பக்கம் திருப்ப வேண்டும். பல வருடம் ஓட்டியவர்களிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், ஆனால் அவர்கள் கை தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர், சைக்கிள் கடைக்காரரும்கூட. தனக்குத் தெரியாமலே எல்லோரும் இப்படித்தான் திரும்புகிறார்கள் என்பதை அவர் அப்போதே கவனித்துச் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் துடைப்பக் கட்டையை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருப்போம். கட்டையை இடப்பக்கம் கொண்டுபோக வேண்டுமானால் கையை முதலில் வலப்பக்கம் நகர்த்துவோம். கட்டை இடப்பக்கம் சாயும், அப்புறம் கை அதன் பின்னால் ஓடும். பைக்கில் கையின் வேலையை டயர் செய்கிறது.

இந்தத் தள்ளலுக்கு ஸ்போர்ட்ஸ் பைக் சட்டென்று பணியும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் செங்குத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும், இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் குறைவு, எடையும் குறைவு. யமஹா ஆர்15-இன் நான்காம் பதிப்பில் சக்கர இடைவெளி 1,325 மில்லிமீட்டர், எடை 142 கிலோவுக்குள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் 1,390 மில்லிமீட்டர், 195 கிலோ. சின்ன வித்தியாசமாகத் தெரியும். வளைவுக்கு வளைவு வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டும்போதுதான் அதன் அருமை புரியும். ஆனால் விரல் அசைவுக்குப் பணிகிற வண்டி பள்ளத்தின் அசைவுக்கும் பணியும். மழைக்குப் பிந்தைய சென்னைச் சாலையில் ஹேண்டில்பார் நடுங்குவதும், நேராகப் போக நாம் உழைக்க வேண்டியிருப்பதும் அதனால்தான்.

அடுத்தது உட்காரும் விதம். முன் டயருக்குப் பிடிமானம் வேண்டும், அதற்கு எடை முன்னால் போக வேண்டும். ஆகவே ஹேண்டில்பார் தாழ்வு, சீட் உயரம். சாயும்போது கால் வைக்கும் கம்பி தரையில் உரசக் கூடாது, ஆகவே அதுவும் மேலே, பின்னால். விளைவு, டேங்க் மேல் குப்புறப் படுத்த ஒரு யோகாசனம். இப்படிக் குனிந்தால் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கை மணிக்கட்டு சுமக்க வேண்டும். மணிக்கட்டில் நரம்பு போகும் பாதை குறுகலானது. கை மடங்கியபடி பாரம் தாங்கினால் அது அழுந்தி விரல்கள் மரத்துப்போகும்.

அப்படியானால் நெடுஞ்சாலையில் ஏன் வலிக்கவில்லை? காற்று. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஆளையும் வண்டியையும் சேர்த்து எதிர்க்காற்று சுமார் 20 கிலோ பாரமளவு பின்னால் தள்ளுகிறது. அதில் ஒரு பங்கு நெஞ்சில் விழுந்து, கண்ணுக்குத் தெரியாத தலையணைபோல உடம்பைத் தாங்குகிறது. காற்றின் விசை வேகத்தின் இருமடியாக மாறும் என்பதால் 40 கிலோமீட்டரில் அந்த 20 கிலோ வெறும் 3 கிலோவாகிவிடும். தலையணையை உருவிவிட்டார்கள், பாரம் முழுக்க மணிக்கட்டில். பழகியவர்கள் முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்து, வயிற்றுத் தசையால் முதுகைத் தாங்குவார்கள். நான்கு நாளில் எனக்கு அது வந்துவிடவில்லை.

பின் சீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அது சீட் அல்ல, நல்லெண்ணம். புடவை கட்டிய அம்மாவை அதில் ஏற்ற முயன்றவர்களுக்குத் தெரியும்.

இனி இன்ஜின். ஆர்15-இல் 155 சிசி, கிளாசிக்கில் 349 சிசி. பாதிக்கும் குறைவு. ஆனால் திறன் 18 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் ஒன்றில், சுமார் 20 இன்னொன்றில். குட்டி இன்ஜின் எப்படிக் கிட்டத்தட்ட ஈடுகொடுக்கிறது? திறன் என்பது முறுக்கு விசையையும் சுற்றும் வேகத்தையும் பெருக்கி வருவது. சின்ன இன்ஜினால் பலமாக முறுக்க முடியாது, அதனால் அடிக்கடி முறுக்குகிறது. கிளாசிக் தன் உச்சத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 6,100 சுற்றில், ஆர்15 தருவது 10,000 சுற்றில்.

கிளாசிக்கையும் 10,000 வரை முறுக்கலாமே என்று தோன்றும். அங்கே பிஸ்டன் குறுக்கே நிற்கிறது. கிளாசிக்கில் பிஸ்டன் ஒரு தடவை மேலேயோ கீழேயோ போகும் தூரம் 85.8 மில்லிமீட்டர், ஆர்15-இல் 58.7. அவரவர் உச்சத் திறனில் பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்குப் போட்டால் கிளாசிக்கில் நொடிக்கு 17 மீட்டர் சொச்சம், ஆர்15-இல் 20-க்குச் சற்றுக் குறைவு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் மூச்சிரைக்கின்றன. குட்டை அடி வைக்கிறவர் வேகமாகக் கால் மாற்றுகிறார், அவ்வளவுதான்.

சாலையில் இதன் அர்த்தம் வேறு. கிளாசிக் 4,000 சுற்றிலேயே 27 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது. ஆர்15-இன் உச்சமே 14.2, அதுவும் 7,500 சுற்றில். அந்த வண்டியில் 7,400 சுற்றைத் தொட்டதும் வால்வைத் திறக்கும் கேம் மாறி, இன்ஜின் இன்னும் ஆழமாக மூச்சு வாங்கும். அந்தக் கணத்தில் முதுகில் யாரோ தட்டிக்கொடுத்தது போலிருக்கும். ஆனால் வடபழனியில் 7,400 சுற்றுக்கு இடமேது? கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி, ஒன்றுக்கும் இரண்டுக்கும் கியர் மாற்றி மாற்றி ஊர்வதுதான்.

சத்தமும் இந்தச் சுற்றுக் கணக்குதான். ஒற்றை சிலிண்டர் வண்டி 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 25 தடவை வெடிக்கிறது. மனிதக் காது கேட்கும் எல்லையின் அடிவிளிம்பு அது, அதனால்தான் தனித்தனி 'டுப் டுப்'பாகக் கேட்கிறது. நான்கு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் பைக் 13,200 சுற்றைத் தொட்டால் நொடிக்கு 440 வெடிப்பு. ஆறு கட்டையில் பாடும் பாடகியின் மேல் ஸட்ஜம்! வெடிப்பு ஸ்வரமாகிவிடுகிறது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் அந்த வகை வண்டி ஒன்று நேர்ப்பாதையில் கடந்து போனதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது பெரிதாகத் தெரியாது. தெருவில் ராத்திரி 11 மணிக்கு அதே ஸ்வரத்தைக் கேட்பவர்களின் கருத்து வேறாக இருக்கும், அதுவும் நியாயம்.

சூடு எங்கிருந்து வருகிறது? எரியும் பெட்ரோலின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான் வண்டியை நகர்த்துகிறது. மிச்சம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேற வேண்டும். ஓடும்போது காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். நின்றால் விசிறி சுழன்று, ரேடியேட்டரின் சூட்டைப் பின்னால் தள்ளும். காற்றைக் கிழிக்க உதவிய ஃபேரிங், அதாவது வண்டியின் முன்னையும் பக்கங்களையும் மூடிய உறை, இப்போது சூடு பக்கவாட்டில் கலையாமல் புகைபோக்கி மாதிரி நேராகத் தொடைக்கு அனுப்புகிறது. வெளியே 40 டிகிரி இருந்தால் உலையின் வாயில் உட்கார்ந்த கதைதான்.

இதுவரை சொன்னவை எல்லாம் அசௌகரியங்கள். பிடிமானத்தின் கதை வேறு.

ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. பிரேக்கும் வளைவும் அந்த ஓர் உள்ளங்கையில்தான் பங்கு கேட்கின்றன. இந்தப் பங்கீடு நேர்க் கழித்தல் அல்ல. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகள் என்பதால் பிதாகரஸ் கணக்கு. பிடிமானத்தில் 80 விழுக்காட்டை வளைவுக்குச் செலவழித்தாலும் பிரேக்குக்கு 60 விழுக்காடு மிச்சமிருக்கும். கேட்க தாராளமாக இருக்கிறது. ஆனால் வளைவுக்கு முழுவதையும் செலவழித்துவிட்டால் மிச்சம் பூஜ்யம். அந்த நேரத்தில் எதிரே பஸ் திரும்பி, கை தானாக பிரேக்கை அழுத்தினால் முன் டயர் வழுக்கிப் போய்விடும். சாலையில் ஒரு கை மணல் கிடந்தால் அந்த முழுப் பங்கே சுருங்கிவிடும்.

ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம், நல்ல விஷயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி சாய்ந்திருப்பது தெரியாது. சாய்வை அளக்கும் உணரியோடு வருபவை விலை கூடிய வண்டிகள். எதுவானாலும் இருக்கிற பிடிமானத்தைப் பங்கிடத்தான் அதனால் முடியும், புதிதாகப் பிடிமானத்தை உண்டாக்க முடியாது.

நேர்ச்சாலையிலும் கணக்கு கடுமையானது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஆபத்தைக் கண்டு கை இயங்க ஒரு நொடி ஆனால் அதற்குள் 28 மீட்டர் போயிருப்போம். நல்ல காய்ந்த தார்ச்சாலையில் நன்றாக பிரேக் பிடித்தாலும் இன்னொரு 43 மீட்டர். மொத்தம் சுமார் 70 மீட்டர், வரிசையாக ஆறு பஸ் நீளம். 50 கிலோமீட்டரில் இதே கணக்கு 25 மீட்டரில் முடிந்துவிடும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் இருக்கும் வம்பு, 100 அங்கே 60 மாதிரி இருப்பது. ஃபேரிங் காற்றை மறைக்கிறது, வண்டி அதிராமல் நிற்கிறது, இன்ஜின் இன்னும் கேள் என்கிறது. வேகத்தை உடம்புக்குச் சொல்லும் சாட்சிகள் எல்லாம் வாயடைத்துப் போகின்றன. இந்தியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் 10 பேருக்கு 4 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். எல்லோரும் ஸ்போர்ட்ஸ் பைக்கில் போனவர்கள் அல்ல, பெரும்பாலோர் சாதாரண வண்டிக்காரர்கள். ஆனாலும் இந்தச் சாலையில்தான் நாமும் ஓட்டுகிறோம். பந்தயத் தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் போவார்கள், வளைவுக்கு வெளியே விழுந்து உருள இடம் விட்டிருப்பார்கள். கொல்லிமலையில் வளைவுக்கு வெளியே பள்ளத்தாக்குதான்.

நான்காம் நாள் சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். தினமும் எப்படிடா இதில் ஆபீஸ் போகிறாய் என்று கேட்டேன். நண்பன் விழித்தான்.

"தினமுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் அஞ்சு மணிக்கு மட்டும்தான்டா எடுப்பேன். ஆபீசுக்கு அக்காவோட ஸ்கூட்டர்."

அவனும் வடபழனி வழியாகத்தான் போகிறான்.