சூரிக் ஏரியின் செந்நிற இழைகள்

ஏரியில் கலந்து பாசிக்கு உணவாகும் பாஸ்பரஸைக் குறைத்துவிட்டால் நச்சுப் பாசி தானாகவே ஒழிந்துவிடாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பல ஏரிகளில் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் சுவிட்சர்லாந்தில் 136 மீட்டர் வரை ஆழமுள்ள சூரிக் ஏரியில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பால் பாஸ்பரஸ் பல மடங்கு குறைந்த பிறகும், பிளாங்க்டோத்ரிக்ஸ் ரூபெசென்ஸ் என்னும் இழை வடிவச் சயனோபாக்டீரியா செழித்தே வந்திருக்கிறது.

நீலப்பச்சைப் பாசி வகையைச் சேர்ந்ததென்றாலும் இதன் நிறம் சிவப்பு. ஆழத்தை எட்டும் பச்சை ஒளியை உறிஞ்சும் ஃபைகோஎரித்ரின் என்ற நிறமியே அதற்குக் காரணம். கோடையில் வெதுவெதுப்பான நீர் மேலும் குளிர்ந்த நீர் கீழுமாக ஏரி அடுக்குகளாகப் பிரியும்போது, இவ்விழைகள் இடைப்பட்ட அடுக்கில், ஏறத்தாழ 12 மீட்டர் ஆழத்தில் குடியேறுகின்றன. கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நச்சை இவை உருவாக்குவதால், குடிநீருக்கு இந்த ஏரியை நம்பியிருக்கும் சூரிக் நகரம் இவற்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

நீந்தும் உறுப்பே இல்லாத இழை அதே ஆழத்தில் நிலைத்திருப்பது எப்படி? அதன் செல்களுக்குள் காற்றுக்கூடுகள் உள்ளன. இரு முனையும் கூராகச் சீவிய பென்சில் போன்ற, புரதத்தாலான இந்த நுண்ணிய உருளைகள், தேனடையின் அறைகளைப் போல நெருங்கி அடுக்கப்பட்டிருக்கும். பலூனை ஊதுவதுபோல் இவற்றுக்குள் யாரும் காற்றை அடைப்பதில்லை. சுவரின் உட்புறம் நீரை ஒட்டவிடாது. நீரில் கரைந்துள்ள வாயுக்களோ சுவரைத் தடையின்றிக் கடக்கும். ஆகவே கூடு கட்டப்படும்போதே வாயு தானாக வந்து நிறைகிறது. ஒளி மிகுந்தால் செல்லில் மாவுச்சத்து சேர்ந்து, அந்தப் பாரத்தால் இழை மூழ்கும். ஒளி குறைந்தால் அச்சேமிப்பு செலவாகி, இழை மெல்ல மேலேறும்.

மிதக்கும் பாசி நிறைந்த புட்டியைத் தக்கையால் மூடி, அந்தத் தக்கையைச் சுத்தியலால் ஓங்கி அடித்துப் பார்த்தார் ஜெர்மானியரான கிளெபான், 1895இல். அழுத்தத்தில் கூடுகள் நொறுங்கின. அதுவரை மிதந்த பாசி அடியில் படிந்தது. நசுங்கிய கூடு மீண்டும் உப்பாது; செல் புதிதாகத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். இத்தனை எளிய கருவிகளால் இத்தனை தெளிவான விடையைப் பெற்ற வேறொரு சோதனையை நான் அறியேன்.

சூரிக் ஏரியில் அந்தச் சுத்தியல், கடுங்குளிர்காலம். மேற்பரப்பு நீர் குளிர்ந்து கனத்து, காற்றின் விசையால் அடிவரை கலக்கும்போது இழைகளும் கீழே இழுக்கப்படுகின்றன. 10 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடுவதால், பெரும் ஆழத்தில் கூடுகள் நொறுங்கி, இழைகள் மேலே திரும்ப வழியின்றி மடிகின்றன. குளிர் குறைந்த ஆண்டுகளிலோ கலப்பு பாதி ஆழத்தோடு நின்றுவிடுகிறது. பிழைத்த இழைகள் அடுத்த கோடைக்கு விதையாகின்றன. வாசகரின் கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது: பாஸ்பரஸைக் குறைத்த அதே காலத்தில் ஏரி வெப்பமடைந்து, கலப்பும் தளர்ந்தது.

சுவிட்சர்லாந்தின் மற்றோர் ஏரியான முர்டென் இதே பாசியால் சிவந்தபோது, 1476ஆம் ஆண்டுப் போரில் அங்கு மாண்ட பர்கண்டி வீரர்களின் இரத்தம் என்றே மக்கள் நம்பினார்கள். 'பர்கண்டி இரத்தப் பாசி' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. காரணம் தெரியாதவர்கள் அஞ்சியதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் காரணம் தெரிய வந்தது, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சலிக்காமல் சூரிக் ஏரியின் பல ஆழங்களில் நீரெடுத்து அளந்ததால்தான். அதன் பயனாக வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் ஆண்டு 2012. மூன்றாண்டுத் திட்டங்களுக்கு மட்டும் நிதி தரும் வழக்கம் இருந்திருந்தால், வெப்பமான குளிர்காலத்துக்கும் சிவந்த கோடைக்கும் உள்ள தொடர்பு எவர் கண்ணிலும் பட்டிருக்காது.