பில்ஜ் பெயின்ட் ஏன் உரிகிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், கிழக்குக் கடற்கரை நெடுகிலும் விசைப்படகுகள் கரையேறி நிற்கின்றன. அந்த நாட்களில் படகு உரிமையாளர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, பில்ஜுக்கு எந்தப் பெயின்ட் நல்லது என்பதுதான். வெளிப்புறத்துக்கு நிறமும் பெயரும் சாமி படமும் எழுதப் பணம் பார்க்காமல் செலவழிப்பவர்கள்கூட, உள்ளே இன்ஜினுக்குக் கீழே இருக்கும் அந்த இருட்டுக் குழிக்கு மிச்சமாகிப்போன ரெட் ஆக்சைடே போதும் என்று நினைக்கிறார்கள். அல்லது கடையிலேயே விலை கூடிய டப்பாவை வாங்கிவந்து அடித்துவிட்டு, அடுத்த ஆண்டே அது உரிந்துவிட்டதென்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

உரிந்த பெயின்ட் கிடைத்தால் அதைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். பின்பக்கம் பிசுபிசுவென்று டீசல் வாடை அடித்தால், எண்ணெய்ப் பசை போகாத தளத்தில் அடித்திருக்கிறார்கள். கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் உப்புத்தாள் படவே இல்லை. துருத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் துருவின் மேலேயே பிரஷ்ஷை ஓட்டியிருக்கிறார்கள். பெயின்ட்டே கெட்டது என்று சொல்லும்படியான தோலை நான் மிக அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பில்ஜ் என்பது ஏராவை (படகின் அடியில் முதுகெலும்புபோல் நீளவாக்கில் ஓடும் கட்டையை) ஒட்டிப் படகின் உள்ளே இருக்கும் மிகத் தாழ்ந்த இடம். கசியும் கடல்நீர், இன்ஜினிலிருந்து சொட்டும் ஆயில், டீசல், ஐஸ் கரைந்த தண்ணீர், மீன் கழிவு எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். வெளிச்சுவரில் அடித்த பெயின்ட் வெயிலையும் அலையையும் தாங்கினால் போதும். பில்ஜில் அடித்ததோ எண்ணெயும் உப்புநீரும் கலந்து தேங்கிய குழம்பில் மாதக்கணக்கில் ஊறிக் கிடக்க வேண்டும். சாதாரண எனாமல் டீசலில் ஊறி இளகிவிடுவதற்குக் காரணம் இதுதான். படகின் அடிப்புறத்துக்கு வாங்கி மிஞ்சிய பாசித்தடுப்புப் பெயின்ட்டை உள்ளே அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது பாசியையும் கொட்டலசையும் (படகடியில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) விரட்ட நஞ்சைச் சிறிது சிறிதாகக் கசியவிடுவதற்கென்று செய்யப்பட்டது, பில்ஜுக்குள் அதற்கு எந்த வேலையும் இல்லை.

வேலையின் பெரும்பகுதி கழுவுவதில்தான் இருக்கிறது. எண்ணெய் படிந்த தளத்தை முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு கழுவுவது மிகப் பரவலாக நடக்கும் தவறு. அப்படிச் செய்யும்போது உப்புத்தாள் எண்ணெயைக் கீறல்களுக்குள் அழுத்தித் தேய்த்துவிடுகிறது, அதன்பின் எத்தனை முறை துடைத்தாலும் அது முழுதாக வெளியே வராது. எண்ணெய்க் குழம்பை வழித்து டப்பாவில் சேர்த்து (அதைத் துறைமுகத் தண்ணீரில் ஊற்றக் கூடாது), பிறகு எண்ணெய் நீக்கும் சோப்புக் கரைசலை ஊற்றி ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்து, உப்பு போகும்வரை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். இதை இரண்டு முறை செய்தால் போதும் என்று நினைக்கும் இடத்தில் மூன்று முறை செய்வது நல்லது. தீர்ந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: ஒரு கை நல்ல தண்ணீரைத் தளத்தில் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் தளம் சுத்தம்; தாமரை இலையில் விழுந்ததுபோல் முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. இந்தச் சோதனையில் தேறிய பிறகுதான் உப்புத்தாளைக் கையில் எடுக்க வேண்டும்.

ஃபைபர் படகானால் இன்னொரு தொல்லை உண்டு. உட்புறத்தின் கடைசிப் பூச்சு ஒட்டாமல் காய்வதற்காக ரெசினில் மெழுகு கலந்திருப்பார்கள். பெயின்ட் இதுவரை படாத புதுப் படகில் அந்த மெழுகைத் தின்னர் நனைத்த பனியன் வேஸ்டால் துடைத்தெடுக்காமல் தேய்த்தால் மேலே சொன்ன கதைதான். எஃகுப் படகில் மணல் வீச்சு முடியாதபோது மெஷின் பிரஷ்ஷால் துருவைச் சுரண்டிவிட்டு, துருவின் மிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும் வகை எபாக்சியை அடிக்கலாம். இந்த இரண்டு வகைப் படகுக்கும் நான் பரிந்துரைப்பது இரண்டு டப்பாவாக வரும் எபாக்சிதான். டீசலில் ஊறினாலும் அது இளகாது. பலகை மரப் படகுக்கு அதே யோசனையைச் சொல்ல மாட்டேன். கரையில் காய்ந்து சுருங்கிய பலகைகள் கடலில் இறங்கியதும் ஊறி விரியும். விறைப்பான எபாக்சித் தோல் பலகை மூட்டுகளில் வெடிக்கும், வெடிப்பின் வழியே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு அதுவே போதும். ஆகவே மரத்துக்கு, நன்றாக உலரவிட்ட பிறகு, நெகிழ்வுள்ள ஒற்றை டப்பா பில்ஜ் பெயின்ட்டை மெல்லிய பூச்சுகளாக அடிப்பதே பொருத்தம். பழைய மரப் படகின் சிவப்புப் பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு வைத்த 2016-ஆம் ஆண்டு விதி வீட்டுப் பயன்பாட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளுக்கு மட்டுமே உரியது. அத்தகைய பூச்சை உலர்வாகத் தேய்க்காமல், நனைத்தே தேய்க்க வேண்டும்.

நிறம் வெள்ளை அல்லது வெளிர் சாம்பலாக இருக்கட்டும். ரெட் ஆக்சைடு நிறத்தில் துருவும் தெரியாது, ஆயில் கசிவும் தெரியாது. அழுக்கை மறைக்கிறது என்பதற்காகவே சிலர் அதை விரும்புகிறார்கள்.

எபாக்சியின் இரண்டாவது டப்பாவில் வரும், பூச்சை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கண்ணளவாக ஊற்றக் கூடாது. டப்பாவில் 4-க்கு 1 என்று போட்டிருந்தால் அளவுக் குவளையால் அளந்தே கலக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் காயாத ஹார்ட்னர் மிஞ்சிப் பூச்சு பலவீனப்படும். வெப்பம் 10 டிகிரி கூடினால் கலவை கையாளத்தக்க நேரம் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பதால், மே மாத வெயிலில் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி முழு டப்பாவையும் கலந்துவிடாதீர்கள். விடிகாலைக் குளிர்ச்சியில் அடிக்கலாம் என்றால் அதிலும் சிக்கல் இருக்கிறது. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஏறத்தாழ 26 டிகிரியிலேயே பனி படியத் தொடங்கும். தளத்தின் சூடு அதைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும், அதாவது 29. இரவெல்லாம் குளிர்ந்த எஃகுத் தகட்டில் காலை ஆறு மணிக்கு அது இருக்காது. ஆகவே நான் ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்குகிறேன். முதலில் வங்குக்கால்களின் (படகின் விலா எலும்புபோன்ற குறுக்குச் சட்டங்களின்) மூலைகள், போல்ட் தலைகள், வெல்டிங் விளிம்புகள் ஆகியவற்றுக்குச் சிறு பிரஷ்ஷால் ஒரு கை தனியாக அடித்துவிட்டே பரப்பைத் தொடுகிறேன். வங்குக்கால்களின் அடியில் தண்ணீர் ஓடுவதற்கென்று விட்ட துளைகளைப் பெயின்ட் அடைத்துவிடாமல் குச்சியால் குத்திவிட வேண்டும். பம்ப் மிதவையிலும், மற்ற உலோகங்களுக்குப் பதில் தான் அரிபட்டு அவற்றைக் காக்கும் துத்தநாகக் கட்டையிலும் பெயின்ட் படவே கூடாது.

இனி, எனக்கு நேர்ந்த ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு வாய்த்திறப்பு மட்டுமே உள்ள இன்ஜின் அறையில் என் உதவியாளரை இறக்கி, மேலிருந்து ஒரு மேசை மின்விசிறியைச் சுழலவிட்டு, அதுவே போதுமென்று நான் வெளியே தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் குழறியபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்; கையிலிருந்த பிரஷ் எண்ணெய்த் தட்டில் கிடந்தது. இரண்டு பேர் கயிறு போட்டுத் தூக்கினோம், காற்று பட்டதும் தெளிந்தார். தின்னர் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது என்பதால் மேலே ஏறி வெளியேறாமல் அடியிலேயே, அதாவது பெயின்டர் குந்தியிருக்கும் இடத்திலேயே, தங்குகிறது. காற்றில் ஏறத்தாழ 1 சதவீதம் கலந்தாலே ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். மேலிருந்து வீசும் விசிறி அதைக் கலக்குமே தவிர வெளியேற்றாது. இப்போது குழாயின் வாயைப் பில்ஜின் அடியில் வைத்து, பொறி பறக்காத வகை ஊதியால் ஆவியை வெளியே உறிஞ்சுகிறேன். பேட்டரி இணைப்பு கழற்றப்படுகிறது, சாதாரண பல்பு உள்ளே போவதில்லை, துணி முகமூடிக்குப் பதில் ஆவியைப் பிடிக்கும் கரித் தோட்டா முகமூடி, வாய்த்திறப்பருகே எப்போதும் ஓர் ஆள். மீன் கழிவு அழுகிய பழைய பில்ஜானால் பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்பே அங்கே நச்சுவாயு இருக்கக்கூடும். கழுவ இறங்குவதற்கும் இதே ஏற்பாடுதான், ஆனால் அந்த வாயுவுக்குக் கரித் தோட்டா முகமூடியை நம்பி இறங்கக் கூடாது. ஹார்ட்னர் பட்ட கையைத் தின்னரால் கழுவாதீர்கள். அது தோலுக்குள் இன்னும் ஆழமாகப் போய், பிறகு வாழ்நாள் முழுவதும் எபாக்சியின் அருகிலேயே போகமுடியாத ஒவ்வாமையாகிவிடக்கூடும்.

கடைசிப் பூச்சு தொட்டால் ஒட்டாமல் காய்ந்திருந்தாலும் உள்ளே இறுக ஏழு நாளாவது ஆகும். ஜூன் 14-ஆம் தேதிக்கு முந்தின வாரம் அடித்துவிட்டு மறுநாளே டீசல் நிரப்பக் கேட்பவர்களிடம் நான் ஒத்துக்கொள்வதில்லை. படகு தண்ணீரில் இறங்கிய முதல் மூன்று நாள் காலையில் டார்ச்சோடு ஒருமுறை குனிந்து பாருங்கள். வெள்ளைத் தளத்தில் ஸ்டெர்ன் டியூப் (புரொப்பல்லர் தண்டு படகைவிட்டு வெளியேறும் பின்குழாய்) பக்கமிருந்து மெல்லிய ஈரக்கோடு ஒன்று தொடங்கினால், அது எங்கிருந்து வருகிறதென்று அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.